மர அம்புக்கு எந்தப் பூச்சு? ஒட்டிய இறகு ஏன் கழன்று வருகிறது?

ஒரு வில்லாளர் கேட்ட கேள்வி இதுதான்: 45 பவுண்டு லாங்போவுக்காக போர்ட் ஆர்ஃபோர்ட் சிடார் மரத்தில், 11/32 அங்குலத் தண்டில், ஒரு டஜன் அம்பு செய்திருக்கிறார். ஆளிவிதை எண்ணெய் மூன்று கோட் கொடுத்து மறுநாளே இறகு ஒட்டியிருக்கிறார். இரண்டே வாரத்தில் இறகுகள் அடியோடு பெயர்ந்துவிட்டன. மழை பிடித்ததும் நான்கு தண்டு வளைந்துவிட்டது. எந்தப் பூச்சு சரி, எத்தனை கோட், இறகு ஒட்டும் முன்பா பின்பா என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறகு ஒட்டப்போகும் பசை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பசை எதன்மேல் பிடிக்குமோ அதையே பூசுங்கள். மூன்று மெல்லிய கோட் போதும். இறகு ஒட்டுவது எப்போதும் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகுதான். தண்டின் உடலைவிட அதன் இரண்டு நுனிகளுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். பலரும் கடையில் கண்ணுக்குப் பிடித்த பூச்சை வாங்கிப் பூசிவிட்டு, அப்புறம் பசையைத் தேடுகிறார்கள். இறகு உதிர்வதற்குப் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம்.

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுசாகத் தடுக்காது. அது உள்ளே போகும் வேகத்தைத்தான் குறைக்கும். அம்புக்கு அதுவே பெரிய உதவி. 26 கிராம் எடையுள்ள தண்டில் ஈரப்பதம் 8 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு ஏறினால் எடை ஏறக்குறைய 2 கிராம் கூடும். வில்லாளர் கணக்கில் இது சுமார் 30 கிரெய்ன். டஜனில் சில அம்புகள் அதிகமாகவும் சில குறைவாகவும் ஈரம் குடித்தால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். ஈரம் ஏறிய மரம் விறைப்பையும் இழக்கும், ஸ்பைன் (தண்டின் விறைப்பை வில்லின் பவுண்டுக் கணக்கில் சொல்லும் அளவு) குறையும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் குடித்தால் அந்தப் பக்கம் உப்பி, தண்டு எதிர்ப்பக்கமாக வளையும். உங்கள் நான்கு தண்டுகளுக்கு நடந்தது இதுதான்.

ஈரம் எந்த வழியாக நுழைகிறது என்பதையும் பாருங்கள். மரத்தின் இழைகள் நுண்குழாய்கள். பக்கவாட்டில் ஈரம் மெதுவாக ஊறும். வெட்டிய நுனியில், குழாய் வாய் திறந்திருக்கும் இடத்தில், பல மடங்கு வேகமாக ஏறும். உடல் முழுக்க நான்கு கோட் கொடுத்துவிட்டு, உலோக முனைக்குள் போகும் கூம்பை மொட்டையாக விட்டால் ஈரம் அந்த வழியாகப் போய்விடும். ஈரப் புல்லில் விழும் அம்பு முதலில் நனைவதும் அந்த நுனியில்தான்.

பூசும் முன் தண்டை வறண்ட அறையில் வைத்து உலர்த்துங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை மாறாமல் நின்றால் தண்டு தயார். ஈரமாக இருக்கும் தண்டுக்குப் பூச்சு அடித்தால் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்ததாக ஆகும், பிறகு மெதுவாக வெளியேறும்போது வளைக்கும். வெயிலில் கிடத்திக் காயவைக்க வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் சூடாகி வளைந்துவிடும். நிமிர்த்துகிற வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

உப்புத்தாள் 150, 220, 320 என்ற வரிசையில் போகட்டும். தண்டை டிரில் மெஷினில் மாட்டிச் சுழற்றித் தேய்ப்பது வேகமான வேலைதான். ஆனால் அது குறுக்குக் கோடுகளை விட்டுவிடும், சாயம் ஏறியதும் அவை வளையம் வளையமாகத் தெரியும். கடைசி 320 நம்பர் தாளை ரேகைப் போக்கில், கையால், நீளவாக்கில் இழுங்கள். அளவு மீறித் தேய்ப்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு மாறுவது. 8.7 மில்லிமீட்டர் தண்டில் 0.1 மில்லிமீட்டர் குறைந்தாலே விறைப்பு ஏறத்தாழ நாலரை சதவீதம் போய்விடும். 50 பவுண்டு ஸ்பைன் தண்டு 48-க்குக் கீழே இறங்கும். எல்லாத் தண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்புக் கொடுத்து, முடிந்ததும் மறுபடி ஸ்பைன் பாருங்கள்.

சாயம் ஏற்றுவதற்கு முன் இன்னொரு வேலை. நாணில் மாட்டும் வாய், அதாவது நாக், எந்தத் திசையில் அமரும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய நுனியைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் கோடு கோடாகத் தெரியும். நாண் அமரும் வெட்டு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே வர வேண்டும். இணையாக வந்தால் நாணே ஆப்பு மாதிரி தண்டைப் பிளக்கும். தண்டின் மேற்புறத்தில் ரேகைகள் கூராக ஓடி முடியும் திசை அம்பு முனையை நோக்கி இருக்கட்டும். அம்பு வில்லிலேயே முறிந்தால் சிம்பு கையை விட்டு விலகிப் போக இதுவே நல்ல வைப்பு. அடர்ந்த வால்நட் நிறம் ஏற்றிய பிறகு இந்த ரேகைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு விதி: சாயம் எதில் கரைந்ததோ, அதே கரைப்பான் உள்ள பூச்சைத் துணியால் அதன்மேல் தேய்க்கக் கூடாது. ஸ்பிரிட் சாயத்தின் மேல், ஸ்பிரிட்டிலேயே கரையும் அரக்குப் பூச்சான ஷெல்லாக்கைத் தேய்த்தால் நிறம் துணியோடு வந்துவிடும், தண்டு திட்டுத் திட்டாகிவிடும். தண்ணீர்ச் சாயத்துக்கு மேல் ஷெல்லாக், ஸ்பிரிட் சாயத்துக்கு மேல் வாட்டர் பேஸ் பூச்சு என்று மாற்றிப் போடுங்கள். எண்ணெய்ச் சாயம் என்றால் குறைந்தது ஒரு முழு நாள் காயவிடுங்கள்.

இனி பூச்சுகள். முதல் கோட்டுக்கு என் தேர்வு மெழுகு நீக்கிய ஷெல்லாக்தான். நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கம் விளையும் அரக்கிலிருந்து எடுப்பது, செதிலாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் என்ற கணக்கில் கரையுங்கள். ஒரு டஜனுக்கு 200 மில்லி ஸ்பிரிட்டும் 24 கிராம் செதிலும் போதும், மீதியும் இருக்கும். மெழுகோடு கிடைத்தால் கரைத்து ஓரிரு நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அடியில் தங்கும் கலங்கலில்தான் மெழுகு இருக்கிறது; அதன்மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது. கரைத்து ஆறு மாதம் தாண்டிய ஷெல்லாக்கைக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள், தண்டிலும் அது என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஷெல்லாக் அரைமணியில் காயும், மேலே வரும் பெரும்பாலான பூச்சுகளோடு ஒத்துப்போகும். ஆனால் அதையே கடைசிக் கோட்டாக விட்டால் மழையில் வெளுக்கும்.

மேல் கோட்டுக்கு மூன்று வழி உண்டு. முதலாவது, தச்சர்கள் என்.சி. லாக்கர் என்று சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும், அடுத்த கோட் கீழ்க்கோட்டைக் கொஞ்சம் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அசிட்டோன் கலந்த இறகுப் பசைகள் இதன்மேல் மிக நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் பசை லாக்கரை லேசாக இளக்கி அதற்குள்ளேயே பதிகிறது. குறை என்னவென்றால் கடும் வாடை, தீப்பிடிக்கும் தன்மை. தடித்துப்போனால் விரிசல் விடும்.

இரண்டாவது, எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் வார்னிஷ். மினரல் டர்பெண்டைனோடு சரிபாதி கலந்து துணியால் தேய்ப்பது நல்லது. உராய்வையும் மழையையும் நன்றாகத் தாங்கும். ஆனால் கோட்டுக்கு கோட் ஒரு நாள் இடைவெளி வேண்டும், கடைசிக் கோட்டுக்குப் பின் ஒன்றிரண்டு வாரம் சும்மா விட வேண்டும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும். அந்த நிலையில் அசிட்டோன் பசை பட்டால் அடியில் சுருங்கித் தோலாக எழும்பும்.

மூன்றாவது, வாட்டர் பேஸ் பாலியூரித்தேன். வீட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு இதையே சொல்வேன். வாடை குறைவு, இரண்டு மணி நேரத்தில் அடுத்த கோட் கொடுக்கலாம். ஷெல்லாக்கை அடியில் போடாமல் நேராக மரத்தில் பூசினால் இழைகள் எழும்பித் தண்டு சொரசொரக்கும். அப்படிப் பூசுவதாக இருந்தால் முன்கூட்டியே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்ததும் 320 தாளால் மெல்ல வருடிவிடுங்கள். மெலமைன் பாலிஷை விட்டுவிடலாம்: மேசைக்கு அருமையானது, ஒவ்வொரு எய்தலிலும் வளைந்து நிமிரும் தண்டுக்கு அது ரொம்பக் கடினம்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மரத்துக்கு அழகைத் தரும், கீறலை எளிதாகச் சரிசெய்ய விடும். ஈரத்தைத் தடுப்பதில் மிகவும் பலவீனமானது. மூன்று கோட் இருந்தும் தண்டு வளைந்தது அதனால்தான். மேலே காய்ந்தாலும் உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் ஒட்டிய பசை மரத்தைத் தொடவே இல்லை. உங்களிடம் இருக்கும் அம்புகளைக் காப்பாற்றலாம். இறகை எடுத்துவிட்டு, மூன்று வாரம் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். இறகு வரும் 15 சென்டிமீட்டரை அசிட்டோன் துணியால் இரண்டு முறை துடைத்து, 220 தாளால் தேய்த்து, தண்டு முழுக்க ஷெல்லாக் ஒரு கோட் கொடுங்கள். காய்ந்த எண்ணெய்மேல் ஷெல்லாக் பிடிக்கும், அதன்மேல் வாட்டர் பேஸ் பாலியூரித்தேன் இரண்டு கோட். வளைந்த நான்கையும் இதற்கு முன்பே நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்கடித்து மூடிபோட்ட தகர டப்பாவில் வையுங்கள்.

பூசும் முறை இரண்டு. துணியால் தேய்ப்பது எளிது: நூல் பிரியாத பழைய பனியன் துணியைச் சிறிதாக மடித்து, பூச்சில் தோய்த்து, பிழிந்து, தண்டைச் சுற்றிப் பிடித்து ஒரே இழுப்பில் நுனிவரை கொண்டு போங்கள். பாதியில் நிறுத்தித் திரும்பித் தேய்த்தால் அங்கே ஒரு மேடு நின்றுவிடும்.

இன்னொன்று, குழாயில் முக்குவது. 19 மில்லிமீட்டர் உள்விட்டமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாய்க்கு ஒரு பக்கம் மூடி போட்டால் சுமார் 225 மில்லி கொள்ளும். 75 சென்டிமீட்டர் தண்டு 45 மில்லி இடத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே 175 மில்லி ஊற்றினால் வழியாமல் விளிம்பருகே ஏறி நிற்கும். தண்டை மெதுவாக வெளியே எடுங்கள், அரை நிமிடத்துக்குக் குறையாமல். வேகமாக இழுத்தால் பூச்சு தடிக்கும், அடியில் வழியும். மெதுவாக இழுத்தால் மெல்லிய, சீரான படலம் கிடைக்கும். நாக் வரும் பக்கத்தைத் துணிக் கிளிப்பில் மாட்டி நேராகத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் கழித்து நுனியில் திரளும் சொட்டைத் துடைத்துவிடுங்கள். சுவரில் சாய்த்துக் காயவைத்தால் சாய்ந்தபடியே வளையக்கூடும். பி.வி.சி. குழாய் வாட்டர் பேஸுக்கும் டர்பெண்டைன் கலந்த வார்னிஷுக்கும் பரவாயில்லை. என்.சி. லாக்கருக்கு வேண்டாம்: தின்னரில் உள்ள கரைப்பான்கள் பி.வி.சி.யையே இளக்கும், மூடியின் ஒட்டு விட்டுப்போய் லாக்கர் முழுக்கத் தரையில் ஓடும். அதற்கு அலுமினியக் குழாய் வாங்குங்கள்.

கோட்டுகளுக்கு இடையில் 400 நம்பர் தாளால் அழுத்தாமல் ஒரு வருடல், பிறகு தூசு துடைப்பு. மூன்று மெல்லிய கோட் சேர்ந்தால் அம்புக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் கூடும், அது ஒன்றும் பாதிக்காது. ஆறு ஏழு கோட் போட்டுக் கண்ணாடிபோல ஆக்குவது அழகுக்காக மட்டும்தான். எடை கூடும், அம்புக்கு அம்பு வேறுபாடும் கூடும்.

நுனிகளை இப்படிக் கவனியுங்கள். கூம்புகள் இரண்டையும் பூச்சுக்கு முன்பே சீவிவிடுங்கள், முனைப் பக்கம் 5 டிகிரி, நாக் பக்கம் ஏறக்குறைய 11 டிகிரி. கூம்பின் பக்கங்களில் தடித்த பூச்சு ஏறினால் உலோக முனை முழுசாக உட்காராது. அந்த இடத்துக்கு மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டு முக்குங்கள். வெட்டிய வட்டத்தில் மட்டும் நீர்த்த சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) ஒரு சொட்டு, அது ஊறிக் காய்ந்ததும் இன்னொரு சொட்டு. பிறகு முனையை எபாக்ஸியால் ஒட்டினால் கூம்பின் பக்கங்களையும் எபாக்ஸியே மூடிவிடும். சூடாக்கி ஒட்டும் ஹாட் மெல்ட் என்றால் உலோக முனையை மட்டும் சூடாக்குங்கள், மரத்தில் தீ படக் கூடாது. பிளாஸ்டிக் நாக்குக்குப் பதிலாக மரத்திலேயே வாய் வெட்டியிருந்தால் அந்த வெட்டின் அடிப்பகுதி முழுக்கத் திறந்த இழைதான். அங்கேயும் நீர்த்த பசை இரண்டு சொட்டு விட்டு, வாய்க்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் நூல் சுற்றி அந்த நூலுக்கும் பூச்சு கொடுங்கள்.

நூல் சுற்றுவதும் இறகடிக்குப் பக்குவம் செய்வதும் பழைய வழக்கம்தான். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே எடுக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. அவற்றில் இறகு இருந்த இடத்தில் செம்பு கலந்த, பச்சை நிறமான பசைப் படலமும் அதன்மேல் நூல் சுற்றிய தடமும் இருந்தன.

வண்ணப் பட்டைகள் போடுவதாக இருந்தால் முதல் கோட்டுக்குப் பிறகு போடுங்கள். மொட்டை மரத்தில் போட்டால் வண்ணம் ரேகையோடு ஓடி, ஓரம் கலைந்துவிடும். அக்ரிலிக் வண்ணம் நல்லது. அதன்மேல் வாட்டர் பேஸ் பூச்சு பத்திரமானது. எனாமல் வண்ணத்தின் மேல் என்.சி. லாக்கர் அடித்தால் சுருங்கிவிடும். சர்வதேச வில்வித்தைக் கூட்டமைப்பான வேர்ல்ட் ஆர்ச்சரியின் போட்டி விதிப்படி ஒவ்வொரு அம்பிலும் வில்லாளரின் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். அதைப் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி மேலே ஷெல்லாக் தேய்த்தால் மை கரைந்து கறையாகப் பரவும். அக்ரிலிக் வண்ணத்தால் மெல்லிய தூரிகை கொண்டு எழுதுங்கள்.

டஜன் முழுக்க இறகு ஒட்டும் முன் கட்டாயம் ஒரு சோதனை செய்யுங்கள். வெட்டியெறிந்த தண்டுத் துண்டு ஒன்றுக்கும் அதே பூச்சை அதே நாளில் கொடுத்து வைத்திருங்கள். இறகு ஒட்டும் நாளில் ஒரு துண்டு இறகை அதே பசையால் அதில் ஒட்டி, 24 மணி நேரம் கழித்து நகத்தால் நெம்பி உரியுங்கள். இறகின் நடுநரம்பு கிழிந்து அதன் அடிப்பட்டை தண்டிலேயே நின்றால் எல்லாம் சரி. இறகு முழுசாக வந்து, தண்டில் மினுமினுக்கும் பசைத் தடம் மட்டும் இருந்தால் பசை இறகில் பிடிக்கவில்லை. இறகின் அடியை 220 தாளில் இரண்டு முறை தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். பசை இறகோடு வந்து, பூச்சு பளபளவென்று அப்படியே இருந்தால் பூச்சை 400 தாளால் மங்கலாக்கி, ஸ்பிரிட் துணியால் துடைத்து ஒட்ட வேண்டும். பூச்சுப் படலமே இறகோடு உரிந்து மரம் தெரிந்தால் பூச்சு காயவில்லை, அல்லது அடியில் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. அப்போது காத்திருப்பதையோ சுரண்டி மறுபடி தொடங்குவதையோ தவிர வேறு வழியில்லை. இந்தக் கடைசி வகையில் பசையை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் வீணாகக் காசு செலவழிக்கிறார்கள்.

நம் ஊர்க் காற்றில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். காற்றில் ஈரம் 80 சதவீதம் தாண்டும் நாளில் லாக்கரோ ஷெல்லாக்கோ பூசினால் பால் படிந்ததுபோல வெளுக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் கடலோர ஊர்களில் இது சகஜம். வெளுத்துவிட்டால் சுரண்ட வேண்டாம். வறண்ட நாளில் ஸ்பிரிட் அல்லது தின்னர் தோய்த்துப் பிழிந்த துணியால் ஒரே இழுப்பு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பூச்சு குழி குழியாக விலகி நின்றால் தண்டில் சிலிகோன் பட்டிருக்கிறது. மேசை பாலிஷ் ஸ்பிரே அடித்த கையால் தொட்டாலே போதும். அசிட்டோனால் துடைத்து, ஷெல்லாக் ஒரு கோட் போட்டு மறைத்துவிட்டுத் தொடருங்கள்.

மூங்கில் அம்பு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை, இந்தியன் ரவுண்டு (மூங்கில் வில்லால் எய்யும் நம் நாட்டுப் போட்டிப் பிரிவு) பயிற்சியில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். மூங்கிலின் வெளித்தோல் வழவழப்பானது, அதில் பூச்சு சரியாகப் பிடிக்காது. 320 தாளால் பளபளப்பை மட்டும் எடுங்கள். தோலையே சீவினால் தண்டின் பலம் போய்விடும். ஈரம் ஏறும் இடம் வெட்டிய நுனியும் சீவிய கணுக்களும்தான். உட்குழி திறந்திருந்தால் மரக்குச்சியை எபாக்ஸியில் தோய்த்து அடைத்துவிட்டு அப்புறம் பூசுங்கள்.

ஃபோம் இலக்கில் எய்யும்போது அம்பு ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பூச்சு இன்னும் இறுகவில்லை என்று பொருள். நுழையும் உராய்வில் சூடேறிப் பூச்சு இளகுகிறது. இன்னும் ஒரு வாரம் விடுங்கள். பிறகு முனையிலிருந்து 20 சென்டிமீட்டர் வரை மட்டும் தேன்மெழுகு தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். இறகுப் பக்கம் மெழுகு போகவே கூடாது. பூச்சு முதலில் தேய்வதும் முனைக்குப் பின்னால் உள்ள முதல் ஐந்து சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு முறை எய்து முடித்ததும் அங்கே விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் தண்டை வளைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, விரிசல் இருந்தால் முறித்துப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்த இடத்து மெழுகை டர்பெண்டைன் துணியால் துடைத்து, ஷெல்லாக் ஒரு கோட்டும் மேல் பூச்சு ஒரு கோட்டும் கொடுத்து, காய்ந்ததும் மறுபடி மெழுகு தேய்த்தால் போதும்.